சுத்தியல் தட்டினால் வரும் இங்கிலீஷ்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: விழுப்புரம் ரயில்வே லைன் வீடுகளில், ஏழாம் எண் வீட்டுக் கொல்லையில் ஒரு வாரமாக இங்கிலீஷ் சத்தம் கேட்பதில்லை. ஓடிப்போயிருந்த காக்கைகள் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிட்டன.

திங்கட்கிழமை காலை எங்கள் நான்காம் பாரத்து வகுப்பு வாசலில் கேங்மேன் முனுசாமி அண்ணன் வந்து நின்றார். "தம்பி, உங்க மாமா போயிட்டாருப்பா" என்றார். "திண்டிவனத்துக்கா? பரீட்ச வியாழக்கெழம தானே?" என்று கேட்டேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

என் அம்மாவின் தம்பி சின்னப்பன் மாமாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கீமேன். தினமும் தண்டவாளத்தோடு மைல் கணக்கில் நடந்து, அதைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்பு ஆப்புகளில், அதாவது சாவிகளில், தளர்ந்தவற்றைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது அவர் வேலை. முழங்கால் வீங்கிப் போயிருந்தது. கேங் மேஸ்திரி வேலை காலியாயிற்று. மேஸ்திரியானால் நடை குறையும்; ஆனால் அன்றாட ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுத வேண்டும். அதற்குத் திண்டிவனத்தில் இருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரையிடம் வாய்ப்பரீட்சை கொடுத்தாக வேண்டும்.

"நாலாவது பாரம் படிக்கிறியே, மாமாவுக்குச் சொல்லிக் குடுத்தா கொறஞ்சா பூடுவ?" என்றார் அம்மா. அன்றோடு என் சடுகுடு போயிற்று.

யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை. பழைய பார்சல் தாள்களின் பின்பக்கத்தில் இருபது வினைச்சொற்களை எழுதிக் கொடுத்தேன். வாக், வாக்டு, வில் வாக். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் மாமா லேசில் விடுபவரா?

"நடந்தேன்னா வாக்டு. அவரு நடந்தாருன்னா?"

"அதுவும் வாக்டு, மாமா."

"அவ நடந்தா? மாடு நடந்துச்சு?"

"எல்லாம் வாக்டு!"

"இன்னாடா பாஷ இது? துரைக்கும் மாட்டுக்கும் ஒரே மரியாதயா?"

இப்படியே ஒரு மாதம். காலையில் ஏறியது மாலையில் இறங்கிவிடும். 'டு' போடச் சொல்லிச் சொல்லி, மாமாவோடு டூ விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் என் மூளையில் அந்த முறை உதித்தது. "மாமா, ஒக்காந்து படிச்சா ஏறாது. லைன்ல போய்க்கினே படிங்க. ஒரு சாவிக்கு மூணு அடி. மொத அடி இன்னிக்கி, ரெண்டாவது நேத்து, மூணாவது நாளைக்கி."

பத்தே நாளில் இருபதும் வந்துவிட்டன. சாவியை இறுக்க 'டைட்டன்' என்று ஓங்குவார், 'டைட்டன்டு' என்று போடுவார், 'வில் டைட்டன்' என்று முடிப்பார். கேங் முழுவதும் கூடவே பாடியது. "வாத்தியாருக்கே வாத்தியாருடா நீ" என்றார் முனுசாமி அண்ணன். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

பரீட்சைக்குத் துணையாக நானும் திண்டிவனம் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். துரை மாமாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முதல் சொல்லைக் கேட்டார். மாமாவின் வலது கை காற்றில் ஏறி இறங்கியது. "வாக்..." கையை ஆட்டாதே என்று துரை சைகை செய்தார். கை முழங்காலில் போய் உட்கார்ந்தது. அதன்பின் ஒரு சொல்லும் வரவில்லை. வெறுங்கையோடு, காலடியில் தண்டவாளம் இல்லாமல், என் மாமா ஊமையாய் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் ரயிலில் நான் கத்தித் தீர்த்தேன். "இருபதும் தெரியுமே மாமா! வாயத் தொறந்தா இன்னா?"

"கைய நிறுத்தச் சொன்னாருடா. நாக்கும் கூடவே நின்னுபூடுச்சு" என்று சிரித்தார். "அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காரு. பேஜாரு பண்ணாத."

மறுநாள் மாலை ஒரு துண்டை நீட்டினார். "என் கையக் கட்டுடா." கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கட்டிய கையோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். தினமும் தடுமாறுவார். தினமும் நான் பல்லைக் கடிப்பேன். போன வெள்ளிக்கிழமை இருபதையும் நிற்காமல் சொல்லி முடித்தார். தோள்கூட அசையவில்லை. "பாத்தியா?" என்றார்.

சனிக்கிழமை மழையில் லைனுக்குப் போனார். காய்ச்சலோடு திரும்பினார். இரண்டே நாள்.

கல்லறைத் தோட்டத்தில் கேங் ஆட்கள், "மருமவன் எவ்ளோ பாடுபட்டு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தான்" என்றார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் பாராட்டை இப்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சுத்தியல் முறை என்று ஒன்று கிடையாது. அவரை லைனுக்கு விரட்டிவிட்டு நான் சடுகுடு ஆடப் போவதற்காக விட்ட புளுகு அது. அதை நம்பித்தான் அவர் துரை முன்னால் ஊமையானார். இன்னொன்று: காலாண்டு இங்கிலீஷ் பரீட்சையில் வாத்தியாருக்கு வாத்தியாரான நான் தேறவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஒப்பித்தது சரியா என்று பார்க்க நான் தாளைப் புரட்ட வேண்டியிருந்தது. அவருக்குத் தேவைப்படவில்லை.

அவர் திண்டிவனம் போக வேண்டிய அந்த வியாழக்கிழமையே எனக்கு அரையாண்டு இங்கிலீஷ் பரீட்சை. கேள்வித்தாளில் பத்து வினைச்சொற்கள். ஒன்றும் ஓடவில்லை. விரலை மடக்கி பெஞ்சில் மூன்று முறை தட்டினேன். விடை மாமாவின் குரலிலேயே வந்தது.

"யார்ரா அது? கைய அசைக்காத!" என்றார் சார்.

போய் வாருங்கள், மாமா. நான் கையை நிறுத்தவில்லை.