கணக்கு மூடிய பிறகு முடித்தவள்

ஒஸ்லோவில் புள்ளிவிபர அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்கெடுப்போம். ஐந்து ஆண்டுகள் ஆனதும் அந்த வருடத்துப் பிள்ளைகளின் கணக்கு மூடப்படும். அதன் பிறகு யார் முடித்தாலும் அந்த விகிதம் மாறாது.

என் தங்கை மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டாள். ஒரு திங்கட்கிழமை காலை புருசெத் நிலையத்தில் என்னோடு நின்றவள், ரயில் கதவு திறந்தும் ஏறவில்லை.

"அக்கா, என்னாலை ஏலாது."

அழவில்லை. எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. நான் ஏறிப் போய்விட்டேன்.

பிறகு அவள் அறையை விட்டு வெளியே வந்ததே குறைவு. மனச்சோர்வு என்றார் மருத்துவர். கோயிலில் யாராவது விசாரித்தால் அப்பா, "ஓம், படிக்கிறா" என்று சொல்லிவிட்டு விலகிப் போவார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஆண்டுகளில்தான்.

அவள் சேர்ந்த ஆண்டின் கணக்கை மூடும் வேலை என்னிடமே வந்தது. எங்கள் அட்டவணைகளில் பெயர்கள் இருப்பதில்லை. ஆனாலும் 'முடிக்காதவர்கள்' என்ற எண்ணுக்குள் அவளும் இருந்தாள். முந்தைய ஆண்டைவிட விகிதம் சற்று உயர்ந்திருந்தது. கூட்டத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

பள்ளியில் சேர்ந்த ஏழாம் ஆண்டில் தங்கை, வளர்ந்தோருக்கான வகுப்பில் படித்து, கடைசியாக மிச்சமிருந்த கணிதத்தையும் எழுதித் தேறினாள். சான்றிதழ் வந்த அன்று சமையலறையில் கேட்டாள்:

"உங்கடை கணக்கிலை இப்ப நான் முடிச்ச ஆளோ?"

"இல்லை. உன்ரை வருசத்தை மூடியாச்சு."

"அப்ப நான் எங்கை?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவளருகில் போய் நின்றார்.

ஒவ்வோர் ஆண்டுப் பிள்ளைகளையும் பத்து ஆண்டுகள் வரை பின்தொடரலாமே என்று என் மேலாளரிடம் கேட்டேன். அளவுகோலை மாற்றினால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது, ஏற்றமும் இறக்கமும் தெரியாமல் போகும் என்றார். அவர் சொன்னது சரிதான். அப்படியானால் விகிதத்தைத் தொடாமல், தாமதமாக முடித்தவர்களுக்குத் தனி அட்டவணை வேண்டும் என்றேன். பல மாதங்கள் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

அந்த அட்டவணை வெளியான நாளில் தங்கைக்குக் காட்டினேன். எண்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வருடமாகப் பார்த்தாள்.

"இவ்வளவு பேரோ? நான் மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்."

அன்றுதான் என் முன்னால் அழுதாள்.