சீட்டு மேசையில் ஒரு நூல்

பனாஜி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு நாலு நாள் லீவு. ஓட்டலில் தனியாக மீன் சோறு சாப்பிட்டுவிட்டு போக்கர் மேசைக்கு வந்திருக்கிறேன். முதல் தடவையாக எனக்கு மூன்று ராஜா சேர்ந்திருக்கிறது. ஆனால் கண் சீட்டில் நிற்கவில்லை. சீட்டுப் போடும் உள்ளூர்ப் பெண்ணின் முழுக்கைச் சீருடைப் பனியனில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு நூல் தொங்குகிறது. எதிரில் இருப்பவர் யோசிக்கும் நேரத்தில் அவள் அதை விரலில் சுற்றுகிறாள்.

"கண்ணு, இழுக்காதே!"

தமிழிலேயே கத்திவிடுகிறேன். மேசையே என்னைப் பார்க்கிறது. கம்பெனியில் பீகார்க்காரர்களிடம் கற்ற இந்தியில் சொல்கிறேன்: "இது சங்கிலித் தையல். இழுத்தா மடிப்பு பூராவும் பிரிஞ்சிரும். கையைக் காட்டு, முடிச்சுப் போடறேன்."

"ஆடறவங்க எங்க கையைத் தொடக்கூடாது சார். சொல்லுங்க, நானே போடறேன். நாளைக்கும் இதைத்தான் போட்டுட்டு வரணும்."

சீட்டைக் கவிழ்த்து முன்னால் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் செய்து காட்டுகிறேன். கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு, மெல்ல இறுக்க வேண்டும். பார்த்துப் பார்த்துச் செய்கிறாள்.

கவிழ்த்துத் தள்ளினால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்த கணக்காம்; மூன்று ராஜாவும் போச்சு. பக்கத்து ஆள் சொல்லித்தான் தெரிகிறது. அவள் முகம் வாடிப்போகிறது.

"அது கெடக்குது, விடு," என்கிறேன்.

அவள் ஷிப்ட் முடிகிறது. எதையும் எடுத்துப் போகவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் கைதட்டி, உள்ளங்கைகளை விரித்துத் திருப்பிக் காட்டுகிறாள். சீட்டுப் போட்டுவிட்டு எழுந்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் காட்ட வேண்டும்.

பிறகு மணிக்கட்டை மட்டும் என் பக்கம் திருப்புகிறாள். முடிச்சு நிற்கிறது.