திட்டில் நின்ற மூன்று ஜெர்சிக் காளைகள்

எங்கள் வீட்டில் பாலுக்கு மாடு வளர்ப்பதில்லை. கறிக்கு வளர்க்கிறோம். இதைச் சொல்ல எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. என் மாமனார் காலத்தில் எருமைக்கடாவும் நாட்டுக்காளையும் மட்டும்தான். இப்போது ஜெர்சியும் இருக்கிறது. பால் கறக்கிற வீடுகளில் ஜெர்சிப் பசு காளைக்கன்று போட்டால் முகம் தொங்கிப்போகும். அவர்களுக்கு அது தண்டத்தீனி. தொப்புள்கொடி காய்வதற்குள் அந்தக் கன்றை என் மகன் வாங்கி வந்துவிடுவான்.

தாயில்லாமல் வரும் கன்றுக்கு வாளியில் வாய் வைக்கத் தெரியாது. என் மருமகள்தான் விரலைப் பாலில் நனைத்து வாய்க்குள் கொடுத்துப் பழக்குவாள். பிறகு தவிட்டுத் தண்ணீர். தகர வாளியின் விளிம்பில் வளையலால் தட்டி, "வாங்கடா தங்கம், வாங்கடா" என்பாள்.

"கறிக்கு வளக்குற மாட்டுக்குத் தாலாட்டு என்னடி?" என்பேன்.

"ஒங்க புள்ளைக்கே நீங்க பாடுனதில்லையாம் அத்தை. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் அரும்பாவூர்ப் பக்கத்துப் பெண். கிணற்றையும் ஏரியையும் பார்த்து வளர்ந்தவள். கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடினாலே கரையில் உட்கார்ந்துகொள்வாள். ஆற்று வேலை எல்லாம் நானும் மகனும்தான்.

எங்கள் ஊருக்கு நேரே ஆற்றின் நடுவில் ஒரு திட்டு இருக்கிறது. நாணலும் கோரையும் அடர்ந்து கிடக்கும். கரைக்கும் திட்டுக்கும் நடுவில் கணுக்கால் அளவு ஓட்டம். காலையில் மாடுகளை ஓட்டிவிட்டால் பொழுது சாயத் திருப்பிக் கொண்டுவருவோம். அந்த ஆடி மாதம் ஒரு நாள், மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நானும் மகனும் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஓட்டம் இடுப்புக்கு ஏறிச் செம்மண் நிறத்தில் இழுத்துக்கொண்டு போனது.

மகன் நீந்தித் திட்டில் ஏறினான். எருமைக்கடாக்களை முதலில் இறக்கினான். அவை மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நிதானமாக வந்து சேர்ந்தன. நாட்டுக்காளைகள் அவற்றின் பின்னாலேயே குதித்து, கொஞ்சம் கீழே தள்ளிப்போய்க் கரையேறின. ஜெர்சி மூன்றும் நுனிவரை வந்து தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கின. மகன் கயிறு போட்டு இழுத்தான். ஒன்று அப்படியே படுத்துக்கொண்டது. வாலை முறுக்கினான். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் படுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டு சுருங்கியது. ஓரத்து நாணலில் தலை மட்டும் தெரிந்தது.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாழைத்தோப்புக்காரன் ஒருவன் சொன்னான், "மவனை வரச் சொல்லுங்க ஆயா. எப்படியும் வெட்டுக்குப் போற மாடு. ஆத்தோட போனா என்ன?"

"வெட்டுறவன் கையில போறது வேற, கேக்க ஆளில்லாமப் போறது வேற. ஒன் தோப்புல தண்ணி ஏறுது, அதப் போயிப் பாரு" என்றேன். ஆனால் என் கண் மகன் மேலேயே இருந்தது. மாடுகளை விட்டுவிட்டு அவன் வரமாட்டான். அவன் என் பிள்ளை.

கூட்டத்தில் ஒருத்தியிடம் இருந்த பிளாஸ்டிக் வாளியை வாங்கித் தட்டினேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மூன்றும் என்னைப் பார்த்தன. காதைக்கூட அசைக்கவில்லை.

பின்னால் தகரச் சத்தம் கேட்டது. மருமகள் வாளியோடு வந்து நின்றாள்.

"நீ வூட்டுக்குப் போ. தண்ணியப் பாத்தா ஒனக்குத் தலை சுத்தும்" என்றேன்.

"சுத்தட்டும் அத்தை. இங்கேருந்து கூப்ட்டா இந்த எரைச்சல்ல அதுங்களுக்குக் கேக்காது" என்று சேலையை இழுத்துச் செருகினாள்.

மாடு கட்டுகிற நீளக் கயிறு என் தோளில் கிடந்தது. அதை எடுத்து அவள் இடுப்பில் கட்டினேன். மறுமுனையைப் புங்கமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு நடுங்குவது கயிற்றில் தெரிந்தது. இடுப்பளவு போனாள். ஒருமுறை கால் வழுக்கி மார்புவரை முங்கி எழுந்தாள். வாளியை மட்டும் விடவில்லை. விளிம்பில் வளையலால் தட்டினாள்.

"வாங்கடா தங்கம், வாங்கடா."

படுத்திருந்தது எழுந்தது. பெரியது காதை முன்னால் திருப்பியது. அவள் திரும்பத் திரும்பத் தட்டினாள். குரல் உடைந்துபோனது, ஆனாலும் அதே ராகம். பெரியது தொபுக்கென்று இறங்கியது. அடுத்தது அதன் பின்னால். கழுத்தை நீட்டிக்கொண்டு, கண் வெள்ளை தெரிய, அந்த வாளியை நோக்கியே நீந்தின. மூன்றாவதை ஓட்டம் இழுத்துக்கொண்டது. மகன் பாய்ந்து அதன் வாலைப் பிடித்தான். இரண்டு தலையும் வளைவில் மறைந்தன.

அதற்குப்பின் நான் எதையும் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தேன். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மருமகள் கரையேறி மண்ணில் உட்கார்ந்து, வந்த இரண்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டு அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். வெகுநேரம் கழித்து, திருமானூர்ச் சாலைப் பக்கமிருந்து மகன் நடந்து வந்தான். மூன்றாவது மாடு அவன் பின்னால், யாரோ ஒருவரின் கொல்லை வாழையிலையை மென்றுகொண்டே வந்தது.

அந்த வருஷம் மார்கழிக்கு முன்னால் மாட்டு வியாபாரி லாரி கொண்டுவந்தார். எருமைக்கடாக்கள் ஏறிவிட்டன. ஜெர்சி மூன்றும் பலகையில் கால் வைக்க மறுத்தன. வியாபாரிக்கு எங்கள் வழக்கம் தெரியும்.

"தங்கச்சிய வந்து வாளியத் தட்டச் சொல்லுங்க ஆயா. சட்டுனு ஏறிரும்."

மருமகள் தொழுவத்து வாசலில் நின்றாள். வாளி அவள் காலடியில் இருந்தது. குனியவும் இல்லை, நகரவும் இல்லை.

நான் போய் அந்த வாளியை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். "கயிறு போட்டு ஏத்துங்க" என்றேன்.

"நேரமாவுமே ஆயா."

"ஆவட்டும்."

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒன்று படுத்துக்கொண்டது.