திரைக்குள் வற்றிய வயிறு

அறுபதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் நான் தாதியாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலை, தொண்டைமானாற்றிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்தாள். மகளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், கலியாணமாகவில்லை. வயிறு ஆறு மாதக் கர்ப்பிணியின் வயிறுபோல முன்தள்ளி நின்றது.

தாய் என்னை ஒரு பக்கமாக இழுத்துப்போய், "மிஸி, ஆரெண்டு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கோ. எங்களிட்டை வாய் திறக்கிறாளில்லை" என்றாள்.

நானும் கர்ப்பம் என்றுதான் நினைத்தேன். உடுப்பு மாற்றும்போது அவள் முதுகைக் கண்டு கை நின்றுவிட்டது. கயிற்றால் அடித்த தடிப்புகள், சில இன்னும் காயாமல்.

"அண்ணை அடிச்சவர்" என்றாள். "நான் ஒரு பிழையும் செய்யேல்லை மிஸி. சலம் சொட்டுச் சொட்டாத்தான் போகுது. சொன்னால் ஒருத்தரும் கேக்கினமில்லை."

சிறுநீர் சரியாகப் போவதில்லை என்று அவள் சொன்னதை நானும் கேட்கவில்லை. உடுப்பை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

டாக்குத்தர் வந்து அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "முதலிலை டியூப்பைப் போட்டுச் சலத்தை எடுங்கோ. ஒரேயடியா விடாமல் நிப்பாட்டி நிப்பாட்டி எடுங்கோ" என்றார்.

திரையை இழுத்துவிட்டு, அவித்தெடுத்த சிவப்பு ரப்பர் குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினேன். சலம் பாய்ந்தது. ஒரு பேசின் நிறைந்தது. கிளிப்பால் அடைத்து, சற்றுப் பொறுத்துத் திறந்தேன். இரண்டாவது பேசினும் பாதிக்கு மேலே வந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே அந்த வயிறு இறங்கிக்கொண்டிருந்தது.

தாய் எப்போது திரைக்குள் வந்தாள் என்று தெரியாது. மகளின் வயிற்றையே பார்த்தபடி, "எங்கை பிள்ளை?" என்று கேட்டாள்.

"பிள்ளை இல்லையம்மா. எல்லாம் சலம்."

அவள் அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்ப்பப்பையில் வளர்ந்த ஒரு கட்டி சலம் போகும் வழியை நெரித்துக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை சத்திரசிகிச்சை. அதுவரை குழாய் அவளோடேயே இருந்தது. கட்டிலுக்குக் கீழே போத்தல்.

அன்று பின்னேரம் அண்ணன் செவ்விளநீரோடு வந்தான். கடல் தொழில் செய்யும் ஆள், பெரிய கைகள். போத்தலைக் காட்டி, "இது என்ன மிஸி?" என்றான். சொன்னேன். முகம் கறுத்துப்போனது. தங்கை எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், படுத்தபடியே கேட்டாள்: "இப்ப கேளுங்கோ அண்ணை, ஆரெண்டு."

அவன் இளநீரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். பிறகு வரவேயில்லை.

கட்டியை எடுத்தார்கள். அவள் தேறினாள். துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று, தாய் அவளை அண்ணன் இருந்த வீட்டுக்கல்ல, கரவெட்டியிலிருந்த சின்னம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"போட்டு வாறன் மிஸி" என்றாள் மகள், புறப்படும்போது.

நானும் உன்னை நம்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கிளினிக் அட்டையைக் கொடுத்து, திகதியைத் தவறவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.