பிரபு மெல்ல எழுந்து

கோவில்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் சண்முகராஜுக்கு ஒரு ரஷ்ய நாவல் வாய்த்திருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதத் தொடங்கி, முடிக்காமலே ஆசிரியர் செத்துப்போன நாவல். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தமிழ்ப் பிரதி. ‘வண்டி பாலத்தருகே நின்றது. பிரபு மெல்ல எழுந்து’ என்பதோடு அது அறுந்து நிற்கும்.

அந்த ‘எழுந்து’வுக்கு அர்த்தம் சொல்லியே பன்னிரண்டு வருஷத்தில் வாசகர் வட்டத்தில் பெரிய ஆளாகிவிட்டார். பாலம் என்பது காலம் என்பார். எழுந்தது பிரபு அல்ல, ரஷ்யா என்பார். கடைக்கு வரும் விவசாயச் சம்சாரிகளும் தப்ப முடியாது.

“அண்ணாச்சி, மக்காச்சோளத்துல புழு குருத்தத் தின்னுக்கிட்டு இருக்கு,” என்றார் பசுவந்தனை அழகிரிசாமி ஒருநாள். “அந்த ரஷ்யாக்காரரு எந்திரிச்சா எந்திரிக்கட்டும். நீங்க மருந்தக் குடுங்க.”

போன ஆவணியில் ரேணுகாதேவி என்ற பள்ளி ஆசிரியை வட்டத்துக்குப் புதிதாக வந்தார். சண்முகராஜ் பேசி முடித்ததும் பையிலிருந்து அதே நாவலை எடுத்தார்.

“அண்ணாச்சி, என் புத்தகத்துல இதுக்கப்புறம் ஆறு பக்கம் இருக்கு. உங்கதுல கிழிஞ்சிருக்கும் போல.”

“வாசிங்க டீச்சர்,” என்றார் தலைவர் சங்கரபாண்டியன்.

“‘பிரபு மெல்ல எழுந்து, கீழே இறங்கி, பாலத்தூணருகே மூத்திரம் பெய்தான். பிறகு வண்டியில் ஏறித் தூங்கிப்போனான்.’ அப்புறம் மாமியார் வீட்டுல முட்டைக்கோசு சூப்பு குடிக்கான். குடிக்கயிலதான் நாவல் நின்னுபோகுது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சண்முகராஜுக்குத் தாங்கவில்லை. தன் பிரதியின் கடைசித் தையலை விரலால் தடவினார். கிழித்த தாள்களின் ஓரம் பிசிறாக நின்றது. இத்தனை வருஷத்தில் அங்கே அவர் கண் போனதே இல்லை.

வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“ஆறு பக்கம் கூடக் கிடைச்சிருக்குல்லா? சந்தோசப்படுங்க,” என்றாள் மனைவி செண்பகவல்லி.

மறுநாள் காலையில் சண்முகராஜ் ரேணுகாதேவியின் வீட்டு வாசலில் நின்றார், ஜெராக்ஸ் எடுக்கப் புத்தகம் கேட்டு.

“தப்பாப் பேசிட்டோம்னு ஒத்துக்கிடுதீங்களா அண்ணாச்சி?”

“தப்புன்னு இல்ல டீச்சர். ஆழம் பத்தல.”

அடுத்த கூட்டத்தில் ‘சூப்பும் சுதந்திரமும்’ என்று ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். மூத்திரம் அதிகாரத்தின் கசிவு. முட்டைக்கோசு, இதழ் இதழாகப் பிரிந்தும் உள்ளே ஒன்றுமில்லாத மானுடம். சங்கரபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலைந்து பேர் குறிப்பெடுத்தார்கள்.

ரேணுகாதேவி மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் எழுந்து போனார். அப்படிப் போனதற்கும் ஓர் உள்ளர்த்தம் உண்டு என்று சபைக்கு விளக்கிவிட்டு, சண்முகராஜ் சூப்புக்குத் திரும்பினார்.