கப்பல்துறை ஓடையில் சிவப்புப் புழுக்கள்

கப்பல்துறையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கண்டி ரோட்டோரத்து ஓடையில் வலை போடுகிறேன். ஓடையில் வாழும் பூச்சிகளைக் கொண்டு தண்ணீரின் நலத்தைக் கணிப்பது பல்கலைக்கழகத்தில் என் வேலை. நல்ல தண்ணீரில் கல்லைப் புரட்டினால் மூன்று வால் கொண்ட சிறு பூச்சிகள் சிதறி ஓடும். இங்கே எத்தனை கல் புரட்டியும் ஒன்றுமில்லை. கெட்ட தண்ணீரைத் தாங்கும் சிவப்புப் புழுக்கள் மட்டும் என் வெள்ளைத் தட்டில் நெளிகின்றன.

குடத்தோடு வந்த பெண் எட்டிப் பார்க்கிறாள்.

"இதுகளைப் பாத்துத் தண்ணி நல்லதோ எண்டு சொல்லுவியளோ, மிஸ்?"

"ஓம், அக்கா. இது கூடாது. குடிக்காதேங்கோ."

"வீட்டுக் கிணறு வத்தினதிலயிருந்து இதைத்தான் குடிக்கிறம்." அவள் குரல் இறங்குகிறது. "போன மாசம் என்ர சின்னவள் வயித்தோட்டத்தில செத்துப்போனாள். இந்தத் தண்ணியாலதானோ?"

"புழுவைப் பாத்து அதைச் சொல்ல ஏலாது, அக்கா."

"பள்ளிக்கூடக் கிணறு ஒரு மைல். நடக்கப் பஞ்சிப்பட்டு, நான்தான் இதை அள்ளிக் குடுத்தனான்."

அவள் வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பக்கமாக நடக்கத் தொடங்குகிறாள்.