அத்தை பல் கட்டிய கதை

தாடை எலும்பில் திருகாணி இறக்கிப் பல் நட்டுக்கொண்டு வந்து இன்று மூன்றாம் நாள். கன்னத்து வீக்கத்தில் ஒரு பக்கக் கண்ணே சிறுத்துவிட்டது. மகள் அரைத்துக் கொடுத்த கஞ்சியைக் கொஞ்சங்கொஞ்சமாக விழுங்கும்போது என் மாமியாரின் நினைவு வந்தது. அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தைப்பிங்கிலிருந்து கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றுக்கு மருமகளாகப் போனேன். அத்தை பால்மரம் வெட்டுபவர்; ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. குரல் கொடுத்தால் தொழிலாளர் லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்கும் கேட்கும். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏ தைப்பிங்காரி" என்பார். குழம்பில் ஒரு குறை, துவைத்த துணியில் ஒரு குறை. ஆறு மாதம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே காலம் தள்ளினேன்.

அந்த ஆண்டுதான் நாத்தனாருக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. அத்தைக்கு மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறியதும் பல் கட்டிக்கொள்ளலாம் என்றார் அரசாங்கப் பல் மருத்துவர். கல்யாணத்துக்குள் புதுப்பல் வந்துவிடும், சம்பந்தி வீட்டார் முன் நிமிர்ந்து நிற்கலாம் என்று அத்தை துணிந்துவிட்டார்.

கடைசிப் பற்களைப் பிடுங்கிய அன்று, வாயில் பஞ்சை அடைத்து, முகத்தைத் துண்டால் மூடியபடி பஸ்ஸை விட்டு இறங்கினார். வலி பொறுக்காமல் அடுப்படிச் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தவர், திடீரென்று என்னைப் பார்த்து, "தத்தி! தத்தி!" என்று கத்தினார். இவ்வளவு வலியிலும் என்னைத் திட்டத்தான் தோன்றுகிறதா என்று எனக்கு அழுகை பொங்கியது.

"நான் என்ன அத்தை பண்ணேன்?"

அவர் திகைத்துப்போய் அடுப்பைக் காட்டினார். கஞ்சி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது சட்டி! அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்கப்போய், பஞ்சு நழுவி, வலியில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

பிறகு வந்த வாரங்களில் உப்பு வெந்நீர் கலப்பதும் சோற்றைக் குழைய வடித்து மசிப்பதும் என் வேலையாயின. பெற்ற மகனிடம்கூட அத்தை வாயைக் காட்டவில்லை. "அவன்கிட்ட சொல்லாத புள்ள, சிரிப்பான்" என்பார். என் கணவர் வெளியே போனதும் துண்டை எடுத்துவிட்டு, தைப்பிங்கில் என்ன சமைப்பீர்கள், உன் அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். பாதிச் சொற்கள் காற்றாகத்தான் வரும். எனக்கு மட்டும் எல்லாம் புரிந்தது.

பல்செட் வந்தது. ஆனால் அது ஈற்றை உரசி உரசிப் புண்ணாக்கியது. கல்யாணத்தன்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, வந்தவர்களை வரவேற்றார். தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுக்க நின்றபோது என் காதருகே குனிந்தார்.

"முடியலலா புள்ள. ஈறு வெந்து போச்சு. கழட்டிடவா?"

"கழட்டுங்க அத்தை. நான் முன்னால நின்னு மறச்சிக்கிறேன்."

முந்தானைக்குள் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி என் கையில் திணித்தார். நான் அவரை மறைத்து நின்றேன். படக்காரர் சிரிக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து யாரோ என் தோளைப் பிடித்து ஓரமாக ஒதுக்கியது தெரிந்தது.

சில நாள் கழித்துப் படம் கைக்கு வந்தது. நடுவில் அத்தை, என் தோளில் கை வைத்து, பொக்கை வாய் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நான்தான் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி, வாயைத் திறக்காமல் நிற்கிறேன்.